பின்கட்டுக் காற்று

புனே கஸ்பா பேட்டையில் நான் முதன்முதலாகக் குடியிருந்த வாடாவில் பதினோரு குடித்தனங்களுக்கு மூன்று கழிப்பறைகள். மூன்றும் பின்கட்டில், கிணற்றுக்கு அப்பால். காலை ஆறு மணிக்கே வாளியோடு ஆட்கள் நிற்பார்கள். 1994-இல் திருச்சியிலிருந்து வேலைக்கு வந்தவன் நான். ஒண்டுக்குடித்தன வரிசை எனக்குப் புதிதில்லை. அந்த மூன்று அறைகளிலும் நாற்றம் தங்காது என்பதுதான் புதிதாக இருந்தது. சுவர் ஆள் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு முழம் வெறும் வெளி, பிறகு ஓட்டுக் கூரை. கதவுக்கு அடியிலும் ஒரு சாண் திறப்பு. கீழே நுழைகிற காற்று மேலே ஏறிப் போய்க்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் சாரல் உள்ளே அடிக்கும். யாரும் அதைப் பெரிதாகச் சொல்லமாட்டார்கள்.

அங்கே யாரும் கணக்குப் போடவில்லை. அந்தக் கணக்கைப் போடுவதே பிறகு என் பிழைப்பாயிற்று. ஒரு கட்டடத்தில் பலரும் பொதுவாகப் புழங்கும் கழிப்பறை, பேன்ட்ரி, ஜெராக்ஸ் எந்திரம் இருக்கும் அறை, துப்புரவுச் சாமான் வைக்கும் அறை, வண்டி நிறுத்தும் பேஸ்மென்ட் ஆகியவற்றிலிருந்து நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்றை வெளியேற்ற வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்கேற்ற ஃபேனையும் டக்டையும் தேர்ந்தெடுக்கிறேன். பசுமைக் கட்டடச் சான்றிதழ் கேட்கும் கட்டடங்களில் இந்தக் கணக்கை அறை அறையாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

வாடாவைப் பார்க்காதவர்களுக்கு: நம் செட்டிநாட்டு வீடு போல நினைத்துக்கொள்ளலாம். தெருவைப் பார்த்துக் கனத்த மரக்கதவு, அதற்குள் ஆள் குனிந்து நுழையும் சிறு திண்டிக் கதவு, உள்ளே வானம் தெரியும் சௌக், சுற்றிலும் தேக்குத் தூண்கள் தாங்கும் தாழ்வாரம். பெரிய வாடாக்களில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று சௌக் இருக்கும். முதல் சௌக் வந்துபோகிறவர்களுக்கும் கணக்குப்பிள்ளைகளுக்கும். பின்னால் போகப் போக வீட்டுப் பெண்கள், அடுக்களை, கிணறு. பேஷ்வா காலத்து வீட்டுமுறை இது. இரண்டாம் பாஜிராவ் கட்டிய விஷ்ராம்பாக் வாடாவின் செதுக்கு வேலைத் தாழ்வாரத்தைச் சாலையிலிருந்தே இன்றும் பார்க்கலாம். வெயில் ஏற ஏற சௌக்கின் காற்று சூடாகி மேலே எழும்பும்; அந்த இடத்துக்குத் தாழ்வாரத்து நிழல் காற்று வரும். இரவில் கூரை குளிர்ந்ததும் குளிர்காற்று சௌக்குக்குள் இறங்கும். புனே கடல்மட்டத்திலிருந்து 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவுக் குளிர்ச்சிக்குக் குறைவில்லை. மின்சாரம் வராத காலத்திலும் ஒரு வாடா நாள்தோறும் இருமுறை மூச்சு விட்டது.

இதையெல்லாம் சொல்லிப் பழைய வீட்டுக்கு ஆரத்தி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம், எங்கள் வாடாவின் சொந்தக்கார ஆஜி. ஆஜி என்றால் பாட்டி. நான் போனபோது அவர் அடுக்களையில் கேஸ் அடுப்பு இருந்தது. ஆனால் அண்ணாந்து பார்த்தால் உத்தரம் மொத்தமும் தார் பூசியது மாதிரி கறுப்பு. விரலால் தேய்த்தால் ஒட்டும். அவர் மருமகளாக வந்து பல வருஷம் எரிந்த சூலின் கரி அது. சூல் என்பது நம் விறகடுப்பேதான். தினமும் விடிகாலையில் ஒரு கம்பால் கூரையின் இரண்டு ஓடுகளைத் தள்ளிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாராம். ஜூனில் மழை தொடங்கினால் ஓட்டைத் தள்ள முடியாது. செப்டம்பர் வரை புகை உள்ளேயே சுற்றும். பேசும்போது முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டே இருப்பார். அது அழுகை என்று முதல் வாரம் நான் நினைத்தேன்.

முன் சௌக்கில் துளசி மாடத்துக்கு அருகே உட்கார்ந்தவருக்கு அந்தப் புகை தெரிந்திருக்காது. வீட்டின் அமைப்பே அப்படி. கெட்ட காற்று பின்கட்டில் பிறந்து பின்கட்டிலேயே மேலே போய்விட வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர் யார் என்று வீட்டைக் கட்டியவர் கேட்டுக்கொள்ளவில்லை.

வாடாக்களின் மூச்சு அடைபட்டது வேறு காரணத்தால். 1947-இன் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பின் வாடகை உயரவில்லை. உயராத வாடகையில் ஓடு மாற்றக் காசு இல்லை. ஒரு குடும்பத்துக்குக் கட்டிய வீடு பத்துக் குடித்தனமாயிற்று. தாழ்வாரத்தைப் பலகையால் மறைத்து ஒருவர் அடுக்களை ஆக்கினார், சௌக்கின் பாதிக்குத் தகரம் போட்டு இன்னொருவர் சைக்கிள் நிறுத்தினார். காற்றுக்காக விட்ட வெளி எல்லாருக்கும் பொது. பொது வெளியில் கை வைக்க அனைவருக்கும் தேவை இருந்தது. பிறகு 1961 ஜூலை 12 வந்தது. பான்ஷேத் அணை உடைந்து, கடக்வாஸ்லா அணையும் தாங்காமல், முட்டா நதி பேட்டைகளுக்குள் புகுந்தது. மண்ணும் செங்கல்லுமாக எழுப்பிய மேல்தளங்கள் கரைந்து விழுந்தன. அதற்குப் பிறகு நகரம் கோத்ரூட், சஹகார்நகர் பக்கம் நகர்ந்து, கூட்டுறவு சொசைட்டிகளில் அடுக்குமாடியாக எழுந்தது.

அந்த மாடிகளில் சௌக்கின் வேலையை ஒரு குறுகிய செங்குத்துக் குழி ஏற்றுக்கொண்டது. புனேக்காரர்கள் அதை ‘டக்ட்’ என்பார்கள். எல்லாக் குளியலறை ஜன்னலும் அதற்குள்தான் திறக்கும். எத்தனை உயரத்துக்கு எவ்வளவு அகலம் என்று தேசியக் கட்டட விதிநூல் சொல்கிறது: 18 மீட்டர் உயரக் கட்டடம் என்றால் குழியின் பரப்பு 4 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 1.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. 30 மீட்டருக்கு 8 சதுர மீட்டர். உயரம் கூடக் கூட அகலம் கூடுகிறது, ஏனென்றால் கீழ்த்தளத்துக் காற்று அத்தனை தூரம் ஏற வேண்டும். வரைபடத்தில் இது சரியாக இருக்கும். பத்து வருஷம் கழித்து எட்டிப் பாருங்கள்: புறாவுக்கு வலை, ஏ.சி.யின் வெளி யூனிட்டுகள், யாரோ நீட்டிய அலமாரி, அடியில் மக்கிய குப்பை.

இந்தக் குழி எவ்வளவு கொடியதாக முடியும் என்பதை உலகம் 2003-இல் ஹாங்காங்கில் பார்த்தது. அமாய் கார்டன்ஸ் என்ற குடியிருப்பில் சார்ஸ் நோய் 300-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. குளியலறைத் தரையின் தண்ணீர்ப் போக்கிகளில் நீர் வற்றிப்போயிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும், வெளியேறும் காற்றுக்கு ஈடான காற்றை அது அந்த வற்றிய குழாய் வழியே கழிவுக் குழாயிலிருந்தே இழுத்தது. கிருமியோடு வந்த அந்தக் காற்றை ஃபேன் குழிக்குள் தள்ள, மேல்வீட்டு ஜன்னல்கள் வாங்கிக்கொண்டன. சுத்தம் செய்யப் போட்ட ஃபேன் நோயைக் கொண்டுவந்தது. என்னிடம் வேலை கற்க வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் சொல்வது இந்தக் கதையைத்தான். எவ்வளவு வெளியே தள்ளுகிறாய் என்பது பாதிக் கணக்கு. அந்த இடத்துக்கு எங்கிருந்து காற்று வருகிறது என்பது மீதிப் பாதி.

பசுமைக் கட்டடம் என்ற பேச்சு நம் நாட்டில் ஊன்றியது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். 2001-இல் இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சில் தொடங்கியது. ஹைதராபாத்தின் சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் லீட் என்ற பசுமைச் சான்றிதழின் பிளாட்டினம் தரத்தை வாங்கி, 2004-இல் அப்துல் கலாம் அதைத் திறந்துவைத்தார். நம் நாட்டுக்கே உரிய கிருஹா மதிப்பீடும் பின்னால் வந்தது. புனேயில் கிறிஸ்டோபர் பென்னிங்கர் வடிவமைத்த ஹடப்ஸர் சுஸ்லான் ஒன் எர்த் வளாகம் லீட் பிளாட்டினம், கிருஹா ஐந்து நட்சத்திரம் இரண்டையும் பெற்றது. அதன்பின் ஹிஞ்சவடி, கராடி, பானேர் எங்கும் வாசலில் இலைச் சின்னம் பதித்த பலகைகள்.

இந்தக் கட்டடங்களுக்கான காற்றுக் கணக்கு பெரும்பாலும் ஆஷ்ரே 62.1 என்ற அமெரிக்கத் தரத்திலிருந்து வருகிறது. கணக்கு கடினமில்லை. சொல்கிறேன், பாருங்கள்.

பத்தாயிரம் சதுர அடி ஆபீஸ் தளம், 80 பேர். உள்ளே வர வேண்டிய வெளிக்காற்று: ஆளுக்கு 5 கன அடி, சதுர அடிக்கு 0.06. ஆக 400-ம் 600-ம் சேர்த்து நிமிஷத்துக்கு 1,000 கன அடி. வெளியேற்ற வேண்டியதில் பெரிய பங்கு கழிப்பறைக்கு. ஒவ்வொரு பீங்கானுக்கும் 50 கன அடி. ஒரே நேரத்தில் கூட்டம் சேரும் இடமென்றால் 70. பன்னிரண்டு பீங்கான் இருந்தால் 600 அல்லது 840. எதைப் போடுவது? தாளில் ஆபீஸ் என்றால் 50 போதும். ஆனால் ஒன்றரை மணிக்கு மொத்தத் தளமும் சாப்பிட எழுந்திருக்கும் ஐ.டி. ஆபீஸின் வாசலில் நின்று பார்த்தவன் 70-தான் போடுவான். நான் 70 போடுகிறேன்.

அடுத்து பேன்ட்ரி. 120 சதுர அடி, சதுர அடிக்கு 0.3 வீதம் 36 கன அடி. ஆனால் இடம் போதாமல் அதே அறையின் மூலையில் ஜெராக்ஸ் எந்திரத்தையும் வைத்துவிடுகிறார்கள். ஜெராக்ஸ் அறைக்கு சதுர அடிக்கு 0.5. இப்போது 36-ஆ, 60-ஆ? ஒரு பொது அறையில் இரண்டு வேலை நடந்தால் அதில் மோசமானதற்குக் கணக்குப் போட வேண்டும், 60. பெயர்ப் பலகையைப் பார்த்து எண்ணை எடுக்கிறவர்கள் 36 போட்டுவிட்டுப் போவார்கள். அறையின் பெயரைக் கணக்கில் எடுக்கக் கூடாது, அறைக்குள் நடப்பதை எடுக்க வேண்டும். முப்பது வருஷத்தில் நான் கற்ற வித்தையெல்லாம் இவ்வளவுதான்.

துப்புரவுச் சாமான் அறைக்கு சதுர அடிக்கு 1 கன அடி. ஆறுக்கு எட்டு அறை, 48 கன அடி. எல்லாம் கூட்டினால் 948 வெளியே, 1,000 உள்ளே. மிச்சம் 52. அந்தச் சின்ன மிச்சம்தான் கட்டடத்தை லேசாக உப்ப வைத்து வெளித்தூசியைத் தள்ளி நிறுத்துகிறது. ஃபில்டர் அடைத்து உள்வரவு நூறு குறைந்தாலும் போதும், நிலைமை தலைகீழ். லிஃப்ட் குழி வழியே பேஸ்மென்ட்டின் வண்டிப் புகை ஏழாவது மாடிக்கு ஏறும்.

ஏ.சி.யில் குளிர்ந்த காற்றை வெளியே தள்ளுவது காசைத் தள்ளுவது என்பதால், மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்த கட்டடத்தில் முதல் கத்தி எக்ஸாஸ்ட்டின் மேல்தான் விழும். அமெரிக்காவிலும் இது நடந்தது. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1981-இன் ஆஷ்ரே தரம், இன்றுபோல் சதுர அடிக்கென்று தனிப் பங்கு சேர்க்காமல், ஆளுக்கு 5 கன அடி வெளிக்காற்று மட்டும் போதும் என்றது. தலைவலி, கண்ணெரிச்சல் என்று ஆபீஸ் ஆபீஸாகப் புகார் பெருகிய பத்தாண்டு அது. 1989-இல் குறைந்தபட்சத்தை 15 ஆக உயர்த்தினார்கள்.

லீட்டில் இன்னொரு நிபந்தனை உண்டு. ரசாயனம் புழங்கும் அறைகளில் கதவைச் சாத்தினால், வெளியே இருப்பதைவிட உள்ளே காற்றழுத்தம் சராசரியாக 5 பாஸ்கலாவது குறைவாக இருக்க வேண்டும். கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நிற்காமல் மேல்தளம்வரை போக வேண்டும், அந்தக் காற்றை மறுபடி ஏ.சி.க்குள் விடக் கூடாது. 5 பாஸ்கல் என்பது அரை மில்லிமீட்டர் தண்ணீரின் எடை. அவ்வளவு மெல்லியது. 48 கன அடியை இழுக்கும் அந்தச் சிறு அறைக்கு, மூன்றடிக் கதவின் அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி மட்டும் இருந்தால் 9 பாஸ்கல் கிடைக்கும். தரைக்கல்லை மாற்றி, கதவு உரசுகிறது என்று தச்சர் அடியைச் சீவி இரண்டு சென்டிமீட்டர் ஆக்கினால், 3 கூட வராது. இடைவெளி இரட்டித்தால் அழுத்தம் கால்பங்கு. லட்சக்கணக்கில் செலவழித்த கணக்கு ஒரு இழைப்புளியில் போய்விடும்.

இதைச் சோதிக்க எங்களிடம் மீட்டர் இருக்கிறது. ஆனாலும் நான் முதலில் ஊதுபத்தியைத்தான் ஏற்றுவேன். கதவைச் சாத்தி, அடியிடுக்கில் காட்டினால் புகை தரையோடு வளைந்து உள்ளே ஓட வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் கராடிப் பக்கம் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் அப்படிக் காட்டியபோது புகை நேரே மேலே போயிற்று. கிரில்லில் மீட்டரை வைத்தால் 48-க்குப் பதில் 19. மேலே ஏறிப் பார்த்தோம். சீலிங்குக்கு மேல் கேபிள் தட்டு போட்டவர்கள் வளையும் டக்டை நசுக்கி வைத்திருந்தார்கள். இது வாரம் ஒன்று பார்க்கிற சமாசாரம். நான் நின்றுவிட்டது அதற்காக இல்லை. பினாயில் கேன், கழிப்பறை ஆசிட், பிளீச்சிங் பவுடர் டப்பா இருந்த அதே அலமாரியின் மேல்தட்டில் மூன்று எவர்சில்வர் டப்பாக்கள். மூலையில் சுருட்டிய பாய். ஆசிட்டும் பிளீச்சிங்கும் தவறிக் கலந்தால் குளோரின் வாயு எழும்பும் அறை அது.

அந்தத் தளத்தின் மௌஷியிடம் கேட்டேன். மௌஷி என்றால் மராத்தியில் சித்தி. துப்புரவு செய்யும் பெண்களை இங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். “இங்கே உட்கார்ந்தா சாப்பிடுறீங்க, மௌஷி?”

“வேற எங்கே, சாஹேப்? பேன்ட்ரியிலே உட்கார்ந்தா சூப்பர்வைசர் ஏசுவார். கதவைச் சாத்தினா மூக்கு எரியுது. திறந்து வெச்சா வெளியே வாடை வருதுன்னு கம்ப்ளெயின்ட் வருது.”

டக்டை நிமிர்த்தி, கதவடியில் ரப்பர் பட்டை வைத்து, மறுநாள் ஊதுபத்தி காட்டினேன். புகை பாம்பு மாதிரி உள்ளே போயிற்று. மீட்டரில் 51. மௌஷி பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

“புகை எங்கே போகுது?”

“உள்ளே. இனிமே வாடை வெளியே வராது.”

“உள்ளேதானே நாங்க இருக்கோம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. கஸ்பா பேட்டை ஆஜி கண்ணை ஒற்றிக்கொண்டது நினைவுக்கு வந்தது. 5 பாஸ்கல் யாரைக் காக்கிறது? அறைக்கு வெளியே இருப்பவர்களை. அறைக்குள் ஆளே இல்லை என்று எண்ணி எழுதிய விதி அது. தரத்திலும் குற்றமில்லை, சாமான் அறை ஆள் உட்காரும் இடமில்லைதான். ஆட்களுக்கு வேறு இடம் கொடுக்காததுதான் குற்றம். என் கணக்குத் தாளில் அந்த அறைக்கு நேரே ‘ஆட்கள்: 0’ என்று இருந்தது. தட்டச்சு செய்தவன் நான்.

அந்தக் கட்டடத்தில் அப்போது அதற்குமேல் எதுவும் செய்ய முடியவில்லை. தாள் சரி, அளவு சரி, சான்றிதழும் வந்துவிட்டது. பேன்ட்ரியில் மூன்று மணிக்குப் பிறகு மௌஷிகள் உட்காரலாம் என்று நிர்வாகம் வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டது. அது எத்தனை நாள் நடந்தது என்று போய்ப் பார்க்காதது என் தவறு.

இப்போதெல்லாம் வேலை எடுத்ததும் வரைபடத்தை விரிப்பதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: இரண்டரை மணிக்குத் துப்புரவு ஆட்கள் எங்கே உட்காருவார்கள்? செக்யூரிட்டி, டிரைவர்? டிரைவர்கள் பேஸ்மென்ட்டில் ஏ.சி. போட்ட காரிலேயே தூங்குகிறார்கள். பேஸ்மென்ட்டுக்குச் சதுர அடிக்கு 0.75 கன அடி என்று தரம் சொல்கிறது. கார்பன் மோனாக்சைடு சென்சார் வைத்து, புகை குறைந்தால் ஃபேன் வேகத்தைக் குறைப்பது வழக்கம். அதை நான் தப்பென்று சொல்லவில்லை. டிரைவர் தூங்கும் மூலைக்கு அருகே ஒரு சென்சார் இருக்கட்டும் என்று கேட்கிறேன். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள். செலவு சில ஆயிரம் ரூபாய். ஓர் அறையைக் கேட்பதுதான் கஷ்டம். பானேரில் சதுர அடி விற்கும் விலையில் அறை என்றால் எல்லாரும் கால்குலேட்டரை எடுத்துவிடுகிறார்கள்.

கஸ்பா பேட்டையின் அந்த வாடா இப்போது இல்லை. எட்டு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. போன மாதம் அந்த வழியே போனபோது தகரத் தடுப்பின் இடுக்கில் பார்த்தேன். கிணறு இருந்த இடத்தில் லிஃப்ட் குழி. பின்கட்டுப் பக்கம் ஒரு சதுரத்தைச் சுற்றிச் செங்கல் வைத்திருந்தார்கள், மேலே வானம் தெரிந்தது. டக்ட்.

என் மேசையில் பானேர் வேலை ஒன்றின் வரைபடம் இருக்கிறது. ஒவ்வொரு தளத்திலும் படிக்கட்டை ஒட்டி 84 சதுர அடியில் ஓர் அறை வரைந்து கொடுத்திருக்கிறேன். வெளிச்சுவரில் ஜன்னல், நான்கு பேர் உட்கார பெஞ்ச், டப்பா சூடுபண்ண ஒரு மின்சார அடுப்பு. பினாயிலும் ஆசிட்டும் அடுத்த அறையில், தனி எக்ஸாஸ்ட்டோடு, தனிக் கதவுக்குள். தாளில் ‘ஆட்கள்: 4’. உள்வரும் காற்றில் அவர்களுக்கும் பங்கு போட்டாயிற்று. எட்டுத் தளத்துக்கும் சேர்த்தால் 672 சதுர அடி போகிறதே, தரைத்தளத்தில் ஒன்று வைத்தால் போதாதா என்று உரிமையாளர் தரப்பில் கேட்டிருக்கிறார்கள். அரை மணி நேர இடைவேளையில் எட்டாவது மாடியிலிருந்து சர்வீஸ் லிஃப்ட்டுக்குக் காத்திருந்து கீழே போய் வர எத்தனை நிமிஷம் ஆகிறது என்று, இதே போன்ற ஒரு கட்டடத்தில் மூன்று நாள் நின்று குறித்து வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை கூட்டத்துக்கு அந்தத் தாளையும் எடுத்துப் போகிறேன்.